விளக்கு வைத்தபின் ஒரு வழி

நீர்மேலூரில் சாயங்காலம் ஐந்து மணிக்கு வெயில் கீழேயிருந்து மேலே அடிக்கும். கடலில் பட்டுத் திரும்பி, மிதக்கிற வீடுகளின் கூரைக்கு உட்புறம் ஒட்டிக்கொண்டு நெளிந்துகொண்டே இருக்கும். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் அதை அண்ணாந்து பார்த்தபடி காபியை ஆறவிட்டுவிடுவார்கள். அங்கேயே குடியிருப்பவர்களுக்கும் அந்த நேரத்தில் பேச்சு கொஞ்சம் குறைந்துதான் போகும்.

அந்த வெள்ளிக்கிழமை மகிழினிக்கும் அப்படித்தான் ஆயிற்று. கூடத்துத் தரையில் சாய்ந்து உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த வழிப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். அதில் ஒரு நீல விளக்கு. அந்த வீட்டு வழியாக யாருடைய காசாவது கடந்து போனால் ஒரு தடவை மினுக்கும். யாருடைய காசு, எங்கே போகிறது, எதற்குப் போகிறது, ஒன்றும் சொல்லாது. வேலை முடிந்த மாலைகளில் ஊரின் அறுபத்து மூன்று வீட்டிலும் ஜனங்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். யாரோ எதையோ வாங்குகிறார்கள், ஊர் நடக்கிறது என்று மனசுக்குள் ஒரு நிம்மதி.

ஆனால் இன்றைக்கு நொடிக்கு ஒரு தடவை விடாமல் மினுங்கியது மகிழினியின் சொந்தக் காசு. அவள் புருஷன் எழிலன் மூச்சு விடுவதற்கான காசு.

எழிலன் கடலுக்குள் முக்குளிக்கிறவன். ஊரைக் கடலடியில் கட்டிப் போட்டிருக்கும் சங்கிலிகளைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. மேலண்டை வரிசையின் நங்கூரச் சங்கிலி முறுக்கிக்கொண்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெருங்காற்று வரும் என்று அறிவிப்பு. அதற்குள் முறுக்கை எடுக்காவிட்டால் ஏழெட்டு வீடு கழன்று, கண்காணாத திசைக்குப் போய்விடும். காலையிலிருந்து நீரோட்டம் இழுத்ததில் ஐந்து மணிக்குத்தான் அவனால் இறங்க முடிந்தது. அரை மணி நேர வேலை என்று சொல்லிவிட்டுப் போனான். இந்த அரை மணிக் கணக்கு எழிலனுக்கு ஜென்மத்தில் சரியாக வந்ததில்லை.

பதினைந்து பாகம், அதாவது தொண்ணூறு அடி ஆழம். மேலே மிதவையில் காற்றுப்பம்பு ஓடும், குழாய் வழியாக அவனுக்குக் காற்று போகும். பம்பு கரையிலிருக்கும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். வாடகை நொடிக்கு மூன்று மணல். ‘முத்து’ என்கிற கிரிப்டோ காசுதான் நீர்மேலூரில் செல்லும். ஒரு முத்தை லட்சமாக உடைத்தால் ஒரு மணல். மகிழினியின் வீட்டிலிருந்து மணல் போகப் போக, கடலுக்கடியில் அவனுக்கு மூச்சு வந்துகொண்டிருந்தது. மினுக்கு, ஒரு மூச்சு. மினுக்கு, இன்னொரு மூச்சு. பார்த்துக்கொண்டே இருந்ததில் அவளுக்குக் கண் சொருகியது.

இந்தப் பெட்டிகளுக்கு நிரல் எழுதி, பாகங்களை ஒட்டி, ஊர் முழுக்க மாட்டிவைத்ததே அவள்தான். ஊரில் அவளுக்குப் பெட்டிக்கார மகி என்றே பெயர்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் ஒரு கட்டுக் கீரை வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். நிலத்தில் விலாசம் இல்லாதவர்களுக்குக் கரை வங்கிகள் கணக்குத் தருவதில்லை. மிதக்கிற வீட்டுக்கு ஏது கதவு எண்? அதனால்தான் முத்துக் காசு. ஆனால் முத்துக் காசு கை மாறியதை உலகத்துக்கே பொதுவான பேரேட்டில் எழுதினால்தான் செல்லும். அதில் ஒரு வரி எழுதக் கூடை மீன் விலை கட்டணம், அரை நாள் காத்திருப்பு. கீரை வாடியே போய்விடும். மகிழினி கரையில் வேலையை விட்டுவிட்டு வந்து, பேரேட்டுக்கு மேலே இரண்டாம் அடுக்காக ஒரு வலை பின்னினாள். முதல் பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் போய் நின்றது நிவேதா அக்கா வீட்டில். மேலண்டை வரிசைக்கே அவர்தான் பெரிய மனுஷி. ஐம்பத்தைந்து வயது, கட்டை குரல், கையில் எப்போதும் ஏதாவது ஒரு வேலை.

“அக்கா, கட்டட வேலையில சித்தாளுங்க வரிசையா நின்னு சட்டி கை மாத்துவாங்களே, பார்த்திருக்கீங்களா?”

“என் மாமியாரே சித்தாளா இருந்தவங்கதான்டி. சொல்லு.”

“அதேதான். கலவை மாடிக்குப் போகணும், ஆனா யாரும் படியேறல. பக்கத்துல நிக்கறவ கையில குடுத்தா போதும். காசும் அப்படித்தான். நீங்க பக்கத்து வீட்டுக்கு, அவங்க அதுக்கடுத்த வீட்டுக்கு. கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள போய்ச் சேந்துடும். பேரேட்டுல ரெண்டே தடவைதான் எழுதணும். ரெண்டு வீடு கை கோக்கறப்ப ஒண்ணு, கையை விடறப்ப ஒண்ணு. நடுவுல ஆயிரம் தடவை மாத்திக்கலாம், கட்டணமே இல்ல.”

“நடுவுல நிக்கறவ சட்டியோட ஓடிப்போயிட்டா?”

“முடியாதுக்கா. மாடியில போய்ச் சேந்தாதான் நடுவுல இருக்கறவங்க கணக்கே மாறும். வழியில நின்னுட்டா, நடக்கவே நடக்காத மாதிரி.”

“யாரு யாருக்கு அனுப்பறாங்கன்னு எனக்குத் தெரியுமா?”

“உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சட்டியைத் துணி போட்டு மூடியாச்சு.”

“அப்ப மாட்டு,” என்றார் நிவேதா அக்கா. “ஊர் வம்பு பாதியா குறையும்.”

அன்றிலிருந்து மகிழினி அவருக்குக் கூடப் பிறந்த தங்கை மாதிரி ஆகிவிட்டாள். மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் பலகை தாண்டி வரும். தலை வாராமல் வெளியே வந்தால் திட்டும் வரும்.

பெட்டி வந்த பிறகு ஊரே மாறிப்போனது. மாறியதில் எல்லாமே நல்லதுக்கு என்று சொல்ல மகிழினிக்கே வாய் வராது. காசு அனுப்புவது சுலபமாகிவிட்டதால் காசு கேட்பதும் சுலபமாகிவிட்டது. குடிநீர்க் குழாய் மடக்குக்கு இத்தனை மணல் என்று கேட்க ஆரம்பித்தது. மின்விசிறி சுற்றுக்கு இத்தனை. கரைக் கம்பெனிகள் பெட்டி வைத்த இயந்திரங்களாகக் கொண்டுவந்து இறக்கின. தோணிக்கார தினேஷ் அண்ணன் ஒருநாள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அவளிடம் சொன்னார்.

“முன்னெல்லாம் எவனாவது சில்லறை இல்லண்ணேன்னு வந்து நிப்பான். சரி ஏறு, அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லுவேன். இப்ப மோட்டாரே காசைக் கேக்குது. காசு வரலேன்னா நடுக்கடல்லயும் சுத்த மாட்டேங்குது. சில்லறை இல்லாத காலத்துல நான் நல்லவனா இருந்தேம்மா.”

அவர் கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. அதனால்தான் அது அவளுக்கு ரொம்ப நாள் வலித்தது. அவள் எழுதிய பதினெட்டாயிரம் வரி நிரலில் ‘பரவாயில்லை, ஏறு’ என்று ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமைத் தகராறு.

பெட்டி மாட்டிய முதல் வாரமே, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வலை பொசுக்கென்று செத்துப்போனது. மகிழினி கம்பி கம்பியாகத் தேடினாள். ஒரு பழுதும் இல்லை. கடைசியில் பார்த்தால் வீட்டுக்கு வீடு பெண்கள் விளக்கேற்றிவிட்டுப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தார்கள்!

“வெள்ளிக்கிழமை விளக்கு வெச்சப்புறம் மகாலட்சுமியை வெளிய அனுப்புவாளா ஒருத்தி?” என்று கேட்டார் நிவேதா அக்கா. “கைமாத்துக்கு உப்புக்கூடத் தர மாட்டோம். நீ காசையே அனுப்பச் சொல்ற.”

“அது உங்க காசே இல்லக்கா. இந்தப் பக்கம் வருது, அந்தப் பக்கம் போகுது.”

“வந்தவளை உக்காருன்னுகூடச் சொல்லாம அனுப்பறது அதைவிடப் பாவம்டி!”

மகிழினி விடவில்லை. கரையில் படித்த திமிர் கொஞ்சம், தான் கட்டியது நிற்கக்கூடாதே என்ற ஆற்றாமை கொஞ்சம். மூன்று வருஷம் நச்சரித்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, ஒரே ஒரு வெள்ளிக்கிழமை திறந்து வையுங்கள், உங்களைப் பார்த்து ஊரே திறக்கும், ஒன்றும் ஆகாது என்று கெஞ்சினாள். அவள் முகத்துக்காக அக்காவும் ஒருநாள் திறந்து வைத்தார். அன்றைக்குச் சாயங்காலம் திடீரென்று எழும்பிய காற்றில், கரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அவருடைய மகன் ஆரவின் படகு வந்து சேரவில்லை. இருபத்து நாலு வயசுப் பையன். மூன்று நாள் தேடினார்கள். படகின் ஒரு பலகை மட்டும் கிடைத்தது.

நிவேதா அக்கா ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து மூன்று வருஷம், பலகையில் எதிரே வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிட்டார். குழம்பும் வரவில்லை, திட்டும் வரவில்லை. ஊரில் அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமையைப் பற்றி யாரும் வாதாடவே இல்லை. மகிழினி தன் கையாலேயே ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு குமிழ் வைத்துத் தந்தாள். விளக்கேற்றியதும் அதைத் திருப்பினால் அந்த வீட்டு வழி அடைந்துவிடும். அவளால் கேட்க முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்தில் அவள் வீட்டைத் தவிர இரண்டே வீடு திறந்திருக்கும். அன்சாரி பாயின் டீக்கடை மிதவை ஒன்று, ஜெனிஃபர் டீச்சர் வீடு ஒன்று. அந்த இரண்டு வழியே ஊருக்குப் போதுமானதாக இருந்தது.

இத்தனையும் தெரிந்தவள்தான் மகிழினி. தெரிந்தும் அன்றைக்குக் கூரையில் நெளிகிற வெளிச்சத்தையும் நீல விளக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, கனவில் கிடந்த மாதிரி கிடந்துவிட்டாள். அன்சாரி பாய் தங்கை மகள் நிக்காஹுக்காகக் குடும்பத்தோடு, மிதவையையே இழுத்துக்கொண்டு, நேற்றே கரைக்குப் போய்விட்டார். ஜெனிஃபர் டீச்சர் வீட்டுப் பெட்டி உப்பு அரித்துச் செவ்வாய்க்கிழமையே பழுதாகி, இதோ மகிழினியின் மேஜைமேலேயே பிரித்துப் போட்டபடி கிடக்கிறது. பாகம் கரையிலிருந்து வரவேண்டும். இரண்டும் அவளுக்குத் தனித்தனியாகத் தெரியும். சேர்த்து வைத்து யோசிக்கத்தான் தோன்றவில்லை.

ஆறு மணிக்குக் கற்பூர வாசனை வந்தது. வீட்டுக்கு வீடு விளக்கு வைத்தார்கள். நீல விளக்கு தயங்கியது. ஒரு மினுக்கு. அப்புறம் ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் ஒன்றுமே இல்லை.

“ஐயோ!” என்று எழுந்தவள், போனை எடுக்கவும் தோன்றாமல் பலகைமேல் ஓடினாள்.

மிதவையில் தினேஷ் அண்ணன் எழிலனின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் முகப்பில் சிவப்பு எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. காசு நின்றால் ஏழு நிமிஷம் பொறுக்கும், அப்புறம் தானாக அணைந்துவிடும். இன்னும் ஐந்து நிமிஷமும் சொச்சமும் இருந்தது.

“என்னம்மா இது, கத்துது?”

“வழி இல்லண்ணே. எல்லாரும் மூடிட்டாங்க. அவரை மேல வரச் சொல்லுங்க.”

“சொல்லிட்டேன். நாலு தடவை இழுத்துட்டேன். அவனும் திருப்பி இழுத்தான், கிளம்பிட்டான். ஆனா ஒரு மணி நேரமா அடியில கெடந்திருக்கான்மா. நின்னு நின்னுதான் வரணும். இருபத்தஞ்சு நிமிஷமாவது ஆகும். விறுவிறுன்னு வந்தான்னா ரத்தத்துல நுரை கட்டிடும். போன வருஷம் பக்கத்து ஊர்ப் பையனைப் பார்த்தோமே, இன்னைக்கும் ஸ்பூனைப் பிடிக்க முடியல அவனால.”

“இதை உடைச்சு ஓட்ட முடியாதா?”

“மூடியைத் தொட்டாலே அணைஞ்சுடும். கம்பெனிக்காரன் அதுல மட்டும் புத்திசாலி. நேரா அவனுக்கே காசு அனுப்பேன் நீ?”

“நேர் வழி போடணும்னா பேரேட்டுல எழுதணும். அரை நாள் ஆகும்.” சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கணினியே கதி என்று கிடந்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் காசு போகிற ஊரைக் கட்டியவள் அவள்தான்.

பம்போடு கை கோத்திருந்தவை ஒன்பது வீடுகள். அதில் அன்சாரி பாயும் டீச்சரும் போக, மிச்சம் மேலண்டை வரிசை ஏழு வீடு. ஏழில் ஒன்று திறந்தால் போதும். அவள் வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு, அங்கிருந்து பம்புக்கு. முதல் வீடு நிவேதா அக்காவுடையது.

கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே குத்துவிளக்கு எரிந்தது. ஆரவின் படத்துக்குப் பூப் போட்டுவிட்டு அக்கா திரும்பினார். மூன்று வருஷத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

“அக்கா, அவரு அடியில இருக்காரு. பம்புக்குக் காசு போகல. அஞ்சு நிமிஷம்கூட இல்ல. குமிழை மட்டும் திருப்புங்க. இருபத்தஞ்சு நிமிஷம். அதுக்கப்புறம் நான் உங்க கண்ணுலயே பட மாட்டேன்.”

நிவேதா அக்கா அவளைப் பார்த்தார். உதடு ஏதோ சொல்ல வந்தது. பிறகு கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

கேட்க என்ன உரிமை இருக்கிறது அவளுக்கு? கதவைத் தட்டக்கூடக் கை வரவில்லை. கொஞ்ச நேரம் பலகையிலேயே நின்றாள். அடுத்த வீட்டுக்குப் பாதி தூரம் போயிருப்பாள், கரைப் படகு ஊதியது. தினமும் ஆறு பத்துக்கு ஊதுகிற சங்குதான். அன்றைக்கு அது அவள் முதுகெலும்புக்குள் ஊதியது.

இரண்டாவது வீட்டில் கோகுல் அண்ணன். “நிவேதா அக்கா என்ன சொன்னாங்க?” என்றார். மூன்றாவது வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். “பார்க்கிறோம்மா, நீ போ,” என்றார்கள். நாலாவது வீட்டில் ஸ்வாதி அக்கா குமிழ்மேல் கையே வைத்துவிட்டாள். வைத்தவள் ஜன்னல் வழியாக நிவேதா அக்காவின் சாத்திய கதவைப் பார்த்தாள், கையை எடுத்துக்கொண்டாள். “எனக்கும் ஒரு பையன் கடல்ல இருக்கான் மகி,” என்று அழுதாள். ஐந்தாவது வீட்டில் யாரும் வெளியே வரவே இல்லை. ஆறாவது வீட்டிலும் அதே கேள்வி, நிவேதா அக்கா என்ன சொன்னாங்க.

மகிழினி யாரையும் திட்டவில்லை. ஓடிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டு பம்புச் சத்தத்தைக் கேட்டாள். இப்போது நிற்கும், இதோ நிற்கும் என்று ஒவ்வொரு அடிக்கும் நினைத்தாள். டக் டக்கென்று கேட்பது பம்பா, தன் நெஞ்சா என்று பிரித்துத் தெரியவில்லை. கடல் வெள்ளியாகிக் கறுத்துக்கொண்டிருந்தது. காலுக்குக் கீழே பலகை இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. ஏழாவது வீட்டுக் கதவைத் தட்டக் கையை ஓங்கினாள். அப்போதுதான் தினேஷ் அண்ணன் குரல் தண்ணீர்மேல் வந்தது.

“ஏம்மா, மகி! ஓடுதும்மா! சிவப்பு போயிடுச்சு!”

ஆறரை தாண்டி எழிலன் தலை தண்ணீருக்கு மேலே வந்தது. மிதவையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “சங்கிலி சரியாயிடுச்சு,” என்றான். மகிழினி அவனை ஓங்கி ஓர் அறை அறைந்துவிட்டு, அப்படியே கட்டிக்கொண்டு ஊரே கேட்க அழுதாள்.

“எப்பண்ணே காசு வந்துது?” என்று பிறகு கேட்டாள்.

“தெரியலம்மா. நான் கயித்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். நிமிர்ந்து பாத்தா பச்சையா இருக்கு.”

மறுநாள் காலையில் மகிழினி ஏழு வீட்டுக்கும் போனாள். நன்றி சொல்லத்தான் போனாள். யார் என்று தெரிந்தால்தானே சொல்வது? ஐந்தாவது வீட்டுக்காரர் தூங்கிவிட்டோம் என்றார். கோகுல் அண்ணன், “வெள்ளிக்கிழமையில நாங்களாவது திறக்கறதாவது,” என்று கையை விரித்தார். ஸ்வாதி அக்கா, “கை வெச்சேன், எடுத்துட்டேன். பொய் சொல்லி உன்கிட்ட நல்ல பேர் வாங்க மாட்டேன்,” என்றாள். நிவேதா அக்கா வீடு பூட்டியிருந்தது. விடியற்காலையிலேயே தோணியை எடுத்துக்கொண்டு துறைப் பக்கம் போனார் என்றார்கள்.

எழிலன் மூட்டு வலியோடு பாயில் சாய்ந்திருந்தான். அவள் பம்பின் பதிவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அதுல பேர் இருக்காதே,” என்றான். “நீதானே துணி போட்டு மூடின.”

“பேர் இருக்காது. நேரம் இருக்கும்.”

காசு நின்றது ஆறு நாலுக்கு. திரும்ப வந்தது ஆறு ஒன்பதுக்கு. ஆறு ஒன்பது, இரண்டு நொடி. அதற்குப் பிறகு எழிலன் மேலே வரும்வரை ஒரு நொடிகூடத் தடங்கல் இல்லை.

மகிழினி அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறு பத்துக்குச் சங்கு ஊதியபோது அவள் எங்கே நின்றாள்? முதல் வீட்டுக்கும் இரண்டாவது வீட்டுக்கும் நடுவில், பலகைமேல். அதற்கு முன்னால் அவள் ஒரே ஒருத்தரிடம்தான் சொல்லியிருந்தாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தை அவள் காதாலேயே கேட்டாள். விழுந்த கையோடு குமிழைத் திருப்பியிருந்தால்தான் ஆறு ஒன்பது, இரண்டு நொடி.

“என்ன, தெரிஞ்சுதா?” என்றான் எழிலன்.

மகிழினி திரையை அணைத்தாள். “தெரியல எழில்,” என்றாள். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவனிடம் சொன்ன முதல் பொய்.

வாசலில் பலகை அசைந்தது. நிவேதா அக்கா நின்றுகொண்டிருந்தார். நேற்றுக் கட்டியிருந்த அதே சேலை. இரவு முழுக்கத் தூங்கவில்லை என்று முகமே சொன்னது.

“எழிலன் எப்படி இருக்கான்?”

மூன்று வருஷத்தில் முதல் பேச்சு. மகிழினி எழுந்து வாசலுக்கு வந்தாள். “நல்லா இருக்காருக்கா. கால்தான் கொஞ்சம் வலிக்குதாம்.”

“நான் திறக்கல,” என்றார் நிவேதா அக்கா. “ஊர்ல யாராவது கேட்டா சொல்லு. நான் விளக்கு முன்னாடிதான் உக்காந்திருந்தேன்.”

“சரிக்கா.”

போகிற மாதிரி திரும்பினார். போகவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் நின்றார். கடலைப் பார்த்தபடி, மெதுவாக, அவளிடம் இல்லை என்பதுபோலக் கேட்டார்.

“நேத்து... யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?”

மகிழினிக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. விடியற்காலையில் இந்த அம்மாள் துறைக்கு ஓடியது எதற்கு என்று தெரிந்துவிட்டது. கட்டியிருக்கிற படகுகளை ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிப் பார்த்திருக்கிறார். எழிலனைக் காப்பாற்றிவிட்டு, அதற்குப் பதிலாக எந்த வீட்டுப் பிள்ளை போயிற்றோ என்று இரவெல்லாம் நடுங்கியிருக்கிறார்.

“ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலக்கா.”

“ஸ்வாதி பையன் படகு? அது துறையில இல்லையே.”

“அது நேரா வீட்டுக்குப் போயிடுச்சு. காலையில நான் அங்கதான் போயிட்டு வந்தேன், பையன் தூங்கிக்கிட்டு இருக்கான். எல்லாப் படகும் வந்துடுச்சுக்கா. எல்லாமே.”

நிவேதா அக்கா பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். கூரையில் காலை வெயில் நெளிய ஆரம்பித்திருந்தது.

“அப்ப ஆரவ்...” என்றார். அன்றைக்குப் பெட்டியைத் திறந்த தன் கையையே மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டு வாழ்ந்த பெண்பிள்ளை. வாயைத் திறந்தபடி மகிழினியை நிமிர்ந்து பார்த்தார்.

மகிழினி பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“காத்துக்கா,” என்றாள். “அன்னைக்கு வெறும் காத்துதான்க்கா.”